மாமி வீட்டுத் தூக்குவாளி

மாமி வீட்டுக்குக் கரண்ட் வெட்ட ஒருநாள் ஆள் வந்தது. சிவப்பு பில் வந்தும் அதை யேசு படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு மறந்துபோனது மாமியின் பிழைதான். வந்தவர் ஏணியை வைத்து ஏறினார், வயரை வெட்டினார், இறங்கினார். வியர்வையைத் துடைப்பதற்குள் மாமி ஒரு சொப்பின் பையோடு அவர் முன்னால் நின்றார். உள்ளே முருங்கைக்காயும் ஒரு துண்டு கட்டாக் கருவாடும்.

"அன்ரி, நான் கரண்ட் வெட்ட வந்தனான்," என்றார் அவர். மாமி தன்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டாரோ என்ற சந்தேகம் அவருக்கு.

"ஓம், பாத்தனான். அது உங்கட வேலை. இது என்ர வேலை. பிடியுங்கோ."

பொழுதுபட்ட பிறகு நானும் மாமியும் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு இருந்தோம். கரண்ட் போனது பற்றி மாமி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "முருங்கைக்காய் கொஞ்சம் முத்தினது, பிள்ளை. அந்தப் பெடியன்ர மனிசி என்ன நினைக்குமோ," என்றுதான் கவலைப்பட்டார்.

மாமி எனக்குச் சொந்தம் இல்லை. தலைமன்னார் ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை கிடைத்துச் செட்டிகுளத்திலிருந்து போனபோது, அவர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். ஊரே அவரை மாமி என்றது, நானும் மாமி என்றேன். அவருடைய பெயரை ஆசுபத்திரித் துண்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதை இங்கே எழுதினால் தலைமன்னாரில் ஒருவருக்கும் ஆள் யாரென்று தெரியாமல் போய்விடும். கட்டையான உருவம், வேகமான நடை. வீட்டில் எப்போதும் சோட்டி என்கிற பூப்போட்ட நீளச் சட்டையைத்தான் போட்டிருப்பார். கணவர் காலமாகி வெகுகாலம். ஒரே மகன் பிரான்சில் இருந்தான். அவனோடு போனில் கதைத்து முடிக்கும்போதுகூட மாமி சுற்றுமுற்றும் பார்ப்பார், எதையாவது கட்டிக் கொடுத்துவிட முடியாதா என்று.

அதுதான் மாமி. அவர் வீட்டுப் படலைக்குள் கால் வைத்த எவரும் வெறுங்கையோடு வெளியே போக முடியாது. கடையில் சாமான் போட்டுத் தருகிற பொலித்தீன் பையை எங்கள் பக்கத்தில் சொப்பின் பை என்போம். மாமி வீட்டுக்கு வருகிற சொப்பின் பை எதுவும் குப்பைக்குப் போகாது. கழுவிக் கொடியில் போட்டுக் கிளிப் குத்திக் காயவைத்து, கதவுக்குப் பின்னால் ஓர் அரிசிச் சாக்குக்குள் அடைத்து வைப்பார். யாராவது "அப்ப வாறன் மாமி" என்று எழும்பினால் போதும். சாக்குக்குள் கை போகும், ஒரு பை வெளியே வரும், குசினிக்குள் போய்த் திரும்பும்போது அது நிறைந்திருக்கும். முருங்கையிலை, முட்டை, கருவாடு, பனங்கிழங்கு, ஒன்றும் இல்லாவிட்டால் கறிவேப்பிலை. பையின் இரண்டு காதையும் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டு அதற்கு மேல் இன்னொரு முடிச்சும் போடுவார். பல்லால் கடித்துத்தான் திறக்கலாம்.

லீவு கிடைக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் ஊருக்குப் போவேன். தலைமன்னாரிலிருந்து செட்டிகுளம் வரை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு போவது எனக்கு ஒரு தண்டனை. கருவாட்டு மணத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பிப் போவார்கள். ஒருமுறை மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பின்படலையால் நழுவினேன். பஸ் தரிப்பில் மாமி எனக்கு முதலே வந்து நின்றார், கையில் பையோடு. பூசை முடிந்ததா என்று கேட்டேன். "பூசைக்கு ஃபாதர் இருக்கிறார். உங்களுக்கு ஆர் இருக்கினம்," என்றார்.

மாமியிடம் பை வாங்காதவர் அந்தப் பகுதியில் இல்லை. ஆனால் மாமியோடு கதைக்காதவர் ஒருவர் இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து மச்சாள்.

மச்சாள் என்றால் மாமியின் கணவருடைய தங்கை. யுத்த நாட்களில் இரண்டு குடும்பமும் ஒரே படகில் ராமேஸ்வரம் போய், மண்டபம் அகதி முகாமில் ஓர் அறையை நடுவில் ஒரு சேலையால் மறைத்துக்கொண்டு வருஷக்கணக்காக இருந்தார்கள். ஒரே அடுப்பு, பால் வாங்க ஒரே எவர்சில்வர் தூக்குவாளி. மச்சாளின் மகள் ஜெனி அங்கேதான் பிறந்தாள். பிள்ளை பிறந்த கையோடு மச்சாள் காய்ச்சலில் விழுந்துவிட, ஜெனியைக் குளிப்பாட்டி, நித்திரையாக்கி, நடக்கப் பழக்கியது எல்லாம் மாமிதான். சேலைத் துணி பிரித்த அறைக்குள் சண்டை பிடிக்காத அந்த இரண்டு பேரும், ஊருக்குத் திரும்பி ஆளுக்கொரு வீடும் வளவும் ஆன பிறகு ஒரு முருங்கை மரத்துக்காகச் சண்டை பிடித்தார்கள். மரம் வேலிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பது பிரச்சினை. ஆள் வைத்து அளந்து பார்த்தார்கள். மரம் சரியாக வேலிக் கோட்டிலேயே நின்றது. அதனால் சண்டை தீரவில்லை.

பேச்சு நின்றதே தவிர, கொடுப்பது நிற்கவில்லை. வேலிக் கதியால் கம்பு ஒன்றில் ஓர் ஆணி இருந்தது. மாமி அதில் ஒரு பையைக் கொழுவிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். கொஞ்ச நேரத்தில் பை இருக்காது. வேறொரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பை கொழுவியிருக்கும். ராலோ, நண்டோ, பழமோ. மாமி எடுத்து வந்து சமைத்து, "நல்லாத்தான் வாங்கியிருக்கிறா," என்பார். வாங்கியவர் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார். பொலித்தீன் பை எதையும் கேட்காது. அதைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை, கிடைத்ததா என்று கேட்கத் தேவையில்லை. சொப்பின் பை இருக்கும்வரை அந்தச் சண்டையை எவ்வளவு காலத்துக்கும் சுகமாக நடத்திக்கொண்டு போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்படி இருக்கும்போதுதான், கடைகளில் சொப்பின் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது, காசு வாங்கித்தான் கொடுக்க வேண்டும், அதைப் பில்லிலும் காட்ட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். மன்னார் ரவுணில் கழுதைகள் சொப்பின் பையை மென்றுகொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கும், வலையில் மீனுக்குப் பதிலாகப் பை வருவதைப் பார்த்தவர்களுக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆனால் நல்ல சட்டத்துக்கும் கை பழகக் கொஞ்ச நாள் வேண்டும். முதல் கிழமை சந்திக் கடைக்கு முன்னால் நின்று பார்த்தால் சிரிப்பாக இருந்தது. சீனியைக் கக்கத்திலும் பருப்பைத் தாடைக்குக் கீழும் இடுக்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். ஒருவர் முட்டையை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெறுந்தலையோடு மோட்டார் சைக்கிள் ஓடினார். சந்தியில் பொலிஸ்காரர் மறித்தபோது எதைத் தலையில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாமியிடம் கடைக்காரர் பயந்து பயந்துதான் சொன்னார். "மாமி, பை வேணுமெண்டா இனிக் காசு."

"எனக்கு ஏன் பை? சாமான் கொண்டுபோக ரெண்டு கை கிடக்கு. ஆக்களுக்குக் குடுக்கத்தான் பை வேணும்."

"அப்ப காசு குடுத்து வாங்குங்கோவன்."

"காசு குடுத்து வாங்கின பையில போட்டுக் குடுத்தா, வாங்கிறவைக்கு மனம் கூசாதே? வீடு கடை மாதிரி ஆயிடும்."

ஒருவரும் பையோடு சாமான் வாங்காததால், ஒருவர் வீட்டிலிருந்தும் மாமிக்குப் பை வரவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த சாக்கு மெலிந்துகொண்டே போனது. மாமி கொடுப்பதைக் குறைக்கவில்லை. கடைசிப் பையில் ஃபாதருக்கு முட்டை போயிற்று. அன்று மாமி சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டு, குசினி வாசலில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். மாமி சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

கொஞ்ச நாள் பேப்பரில் சுற்றிக் கொடுத்துப் பார்த்தார். பச்சை மீனுக்குப் பேப்பர் சரிவரவில்லை. எங்கள் ஆசுபத்திரி டொக்டர் வெள்ளைச் சட்டையில் மீன் தண்ணீர் வடிய வடியப் போனார். அதற்குப் பிறகு மாமி ஒரு முடிவுக்கு வந்தார். அலுமாரியைத் திறந்தார். சட்டி, கிண்ணம், பேணி, டப்பா, மகன் பிரான்சிலிருந்து அனுப்பிய கண்ணாடிக் கோப்பை என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். அன்றிலிருந்து மாமி வீட்டுச் சாமான் பாத்திரத்தில் போகத் தொடங்கியது.

பாத்திரம் பையைப் போல இல்லை. அது திரும்பி வர வேண்டும். வரும்போது வெறுமையாக வரக்கூடாது என்பதை எங்கள் ஆட்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பிடி சீனியாவது, நாலு செத்தல் மிளகாயாவது உள்ளே இருக்க வேண்டும். இதனால் என்ன நடந்தது என்றால், மாமி ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தால் கிண்ணம் இடியப்பத்தோடு திரும்பி வந்தது. இடியப்பம் கொண்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாதே, இன்னொரு கிண்ணம் போயிற்று. பள்ளிவாசல் பக்கத்து ராத்தா பெருநாளுக்கு வட்டிலப்பத்தை மாமியின் கண்ணாடிக் கோப்பையிலேயே வைத்து அனுப்பினார். கரண்ட் வெட்டியவர்கூட ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார், உள்ளே அவர் மனைவி செய்த கடலை வடையோடு. போகும்போது வேறு டப்பா அவர் கையில் இருந்தது.

என் நிலைதான் மோசமாகியது. முன்பெல்லாம் பையை வீட்டில் எறிந்துவிட்டு வரலாம். இப்போது போகும்போதும் பாத்திரம், வரும்போதும் பாத்திரம். அம்மா எங்கள் தோட்டத்துப் பயற்றங்காயும் மோர் மிளகாயும் உழுந்தும் நிறைத்து அனுப்பத் தொடங்கிவிட்டார். ஒருவரை ஒருவர் கண்டிராத அந்த இரண்டு மனுஷிகளும் என் மடிக்கு மேலால் சிநேகிதமாகிவிட்டார்கள். வவுனியா பஸ் கொண்டக்டர் என்னைக் கண்டால் டிக்கட் கேட்பதற்கு முன்னால், "மிஸ், இண்டைக்கு என்ன கறி," என்று கேட்பான்.

ஆனால் வேலி ஆணி வெறுமையாக இருந்தது.

பாத்திரத்தைக் கொழுவினால் அது திரும்பி வர வேண்டும் என்று கேட்பது போலாகிவிடும். கேட்பதற்கு மாமிக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்திலும் அதே கதைதான் போலிருந்தது. காலையில் முற்றம் கூட்ட வரும் மச்சாள், ஆணி இருந்த கதியாலை ஒருதரம் பார்ப்பார், பிறகு கூட்டுவார். என் அறை யன்னலால் எனக்கு அது தெரியும். மாமி குசினி யன்னலால் பார்ப்பதும் தெரியும்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் ஜெனி வேலி ஓரம் வந்து குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். "மாமி, எனக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. பேசாலைப் பக்கம்."

மாமி வேலிக்கு மேலால் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினார். கண் நிறைந்துவிட்டது.

"நீங்கள் வரவேணும் மாமி."

"அம்மா வந்து சொன்னா வருவன், பிள்ளை. நீ கூப்பிட்டு நான் வந்தா அது களவா வாறது மாதிரி."

"அம்மா சொல்ல வருவா," என்றாள் ஜெனி. அவள் குரலில் நிச்சயம் இல்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணத்தை வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். சொல்லாத கலியாணத்துக்குப் போகக் கூடாது. போனால் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் ஆகிவிடுவோம். அன்று மாமி அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் காட்டினார். ஜெனியின் கலியாணத்துக்குக் கட்ட என்று முகாமில் இருக்கும்போதே வாங்கி வைத்ததாம், அப்போது ஜெனி பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. கத்தரிப்பூ நிறம். "மடிப்பு விழுந்த இடம் வெளிறிப்போச்சு," என்று சொல்லி அதைக் கதிரையில் விரித்துக் காற்றுப்பட விட்டார். எனக்கு அந்தச் சேலையைப் பார்க்க மச்சாள் மீது கோபம் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் முதல் ஓலை வாசித்தார். இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் திருமணம் என்று கோயிலில் அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மாமி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் அடுப்பை மூட்டினார். திருக்கை மீன் வாங்கி வரச் சொல்லி என்னைக் கரைக்கு விரட்டினார். ஜெனிக்குச் சின்ன வயதிலிருந்தே திருக்கை வறை என்றால் உயிர். வறுத்து முடித்து, அலுமாரியின் மூலையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்தார். முகாமில் இரண்டு குடும்பமும் பால் வாங்கிய அதே எவர்சில்வர் தூக்குவாளி. நிறைத்து, மூடியை அழுத்தி மூடினார். போய் ஆணியில் கொழுவினார். இந்த முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

வாளி அன்றே போய்விட்டது. இரண்டு நாள் ஆணி வெறுமையாக இருந்தது. மூன்றாம் நாள் காலை வாளி வந்து தொங்கியது. புளி போட்டுத் தேய்த்தது போல மினுங்கியது. உள்ளே பயற்றம் பணியாரம், கழுத்து வரை. வாயில் பேப்பரை மடித்து வைத்து ரப்பர் பாண்ட் போட்டிருந்தது.

"கலியாணப் பலகாரம் சுடத் தொடங்கியிட்டினம்," என்றேன் நான் சந்தோஷமாக, ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு.

மாமி பணியாரத்தைப் பார்க்கவில்லை. வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூடி எங்க?"

மூடி இல்லை. வேலியடியில் தேடினோம், இலைகளைக் கிளறினோம். நாய் கொண்டுபோயிருக்குமோ என்று நான் சொன்னேன், எவர்சில்வரை நாய் என்ன செய்யும் என்று மாமி கேட்டார்.

"மறந்திருப்பா, மாமி."

"அவ மறக்கிற ஆளில்ல. முகாமில என்னட்ட ஒரு ஊசி வாங்கினவ. ஊருக்குத் திரும்புற அண்டைக்கு நூலும் கோத்துத் தந்தவ." மாமி திண்ணைக் குந்தில் இருந்தார். "மூடி இல்லாமத் தந்தா என்ன அர்த்தம், பிள்ளை? இனி ஒண்டும் தரவேண்டாம் எண்டோ?"

"நீங்கள் கேக்கட்டும் எண்டு வைச்சிருக்கிறாவோ தெரியாது."

"கேக்கிறதெண்டா கதைக்க வேணுமே."

"அதைத்தான் மாமி சொல்லுறன்."

மாமி எழும்பி உள்ளே போய்விட்டார். இதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் மூடியைத் தவிர வேறு கதை இல்லை. ஜெனியிடம் கேட்கலாம் என்றேன், பிள்ளையை நடுவில் இழுக்கக் கூடாது என்றார். நான் போய்க் கேட்கிறேன் என்றேன், என் வாளிக்கு நீங்கள் ஏன் கேட்க வேண்டும் என்றார். வேலி வரை போவார், ஒரு கறிவேப்பிலைக் கொத்தை ஒடித்துக்கொண்டு திரும்பி வருவார். அந்தக் கிழமை நாங்கள் எல்லாக் கறிக்கும் அளவுக்கு அதிகமாகக் கறிவேப்பிலை போட்டுச் சாப்பிட்டோம்.

இதற்கிடையில் மச்சாளும் புருஷனும் கலியாணம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒழுங்கையின் அந்தத் தொங்கல் முனையிலிருந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லி வந்தார்கள். ஆசுபத்திரிக்கு வந்து எனக்கும் சொன்னார்கள். எங்கள் படலையை மட்டும் தாண்டிப் போனார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மாமி சேலையை மடித்துத் திரும்பவும் மேல்தட்டில் வைத்தார். அதைப் பார்த்து நானும் கலியாணத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் காலை நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மச்சாள் முற்றம் கூட்டும் சத்தம். மாமி வாளியோடு வேலியடிக்குப் போனார். மச்சாளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு, மரத்துக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"வாளி வந்தது. மூடி வரேல்ல."

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. நான் செருப்பை ஒரு காலில் போட்டபடி அப்படியே நின்றேன்.

"மூடி கேக்க இவ்வளவு நாளோ?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

வருஷக்கணக்காக அந்தக் குரல் தனக்கு என்று ஒரு சொல் சொல்லி மாமி கேட்டதில்லை. மரத்திலிருந்து கண்ணை எடுத்து முதல் முறையாக வேலிக்கு மேலால் பார்த்தார்.

"பின்னேரம் கொண்டு வாறன்," என்றார் மச்சாள். திரும்பவும் கூட்டும் சத்தம் கேட்டது, முன்பைவிட வேகமாக.

நான் அன்று அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மச்சாள் புதுச் சேலை கட்டி, புருஷனையும் கூட்டிக்கொண்டு, வேலியில் இருந்த பொட்டு இடைவெளியால் நுழையாமல் ரோட்டைச் சுற்றி வந்து படலையைத் திறந்தார். கலியாணம் சொல்ல வருபவர்கள் அப்படித்தான் வருவார்கள். மாமி கதிரையைத் துடைத்துப் போட்டார். மச்சாள் இருந்து, கைப்பையிலிருந்து மூடியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைத் தரத்தான் வந்தனான். வந்த கையோட பிள்ளையின்ர கலியாணத்தையும் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு."

மாமி மூடியை எடுத்துச் சோட்டியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஏன் மச்சாள் மூடியை வைச்சிருந்தனீங்கள்?"

"அனுப்பியிருந்தா நீங்கள் திரும்பவும் எதையாவது நிறைச்சு ஆணியில கொழுவிப்போட்டுப் போயிருப்பீங்கள். நானும் எடுத்துக்கொண்டு போயிருப்பன். பிள்ளை கலியாணம் முடிஞ்சு போயிருப்பாள். முதல்ல நீங்கள் கதைச்சா நான் வருவன் எண்டுதான் இருந்தனான். நானா முதல்ல கதைக்க எனக்கும் ஏலாமக் கிடந்தது."

"இத்தனை வருஷம் தந்த சொப்பின் பைக்கும் ஒரு மூடி இருந்திருந்தா முந்தியே கேட்டிருப்பன்," என்றார் மாமி.

முதலில் மச்சாளின் புருஷன்தான் சிரித்தார். பிறகு மச்சாள். மாமி சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே தேத்தண்ணி போட எழும்பினார். தேத்தண்ணி குடித்து, முகாமில் இருந்தவர்களில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கதைத்து, மாமி மேல்தட்டுச் சேலையைக் கொண்டுவந்து காட்டி, "இதைக் கட்டாட்டி நான் கோவிப்பன்," என்று மச்சாள் சொல்லி, அவர்கள் எழும்பும்போது பொழுது சரிந்துவிட்டது.

எழும்பினவர்களை வெறுங்கையோடு விட முடியாதே. மாமி குசினிக்குள் ஓடினார். அலுமாரி திறக்கிற சத்தம், தட்டு உருளுகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அலுமாரி காலி. ஒரு கிண்ணம், ஒரு டப்பா மிச்சமில்லை, எல்லாம் ஊருக்குள் போய்விட்டன. வாளிக்குள் பணியாரம். சோற்றுப்பானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாமி வைத்தார். கடைசியில் ஒரு கட்டுப் பனங்கிழங்கையும் முருங்கைக்காயையும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மச்சாள், முந்தானையைப் பிடியுங்கோ."

"ஐயோ, புதுச் சேலை."

"பிடியுங்கோ எண்டுறன். முகாமில ரெண்டு பேரும் அரிசி வாங்கினது எதிலயாம்?"

மச்சாள் முந்தானையை விரித்துப் பிடித்தார். மாமி அதற்குள் எல்லாவற்றையும் போட்டு, நுனியைச் சேர்த்து முறுக்கி, இடுப்பில் செருகியும் விட்டார். கலியாணம் சொல்ல வந்தவர் பிள்ளைத்தாச்சி போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு ரோட்டைச் சுற்றிப் போவதை ஒழுங்கை முழுக்க நின்று பார்த்தது. அந்த முருங்கைக்காய்கள் வேலிக் கோட்டில் நின்ற மரத்தில் பிடுங்கியவை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. மாமி கத்தரிப்பூச் சேலையில் படலையடியில் நின்று போகிறவர்களுக்குப் பலகாரம் நிறைத்துக் கொடுத்தார். மாமி நிற்பார் என்று தெரிந்து பாதிப்பேர் கையில் டப்பாவோடுதான் வந்திருந்தார்கள். கரண்ட் வெட்டியவர் குடும்பமாக வந்தார், அவரை யார் அழைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் எனக்குச் செட்டிகுளத்துக்கே மாற்றம் வந்துவிட்டது. கேட்டு வாங்கிய மாற்றம்தான், ஆனால் சாமான் கட்டும்போது கை ஓடவில்லை. புறப்படும் அன்று மாமி வழக்கம் போல எனக்கு முதலே பஸ் தரிப்பில் நின்றார், பக்கத்தில் மச்சாளும். மாமியின் கையில் அந்தத் தூக்குவாளி. வாயில் பேப்பர் வைத்து நூல் சுற்றியிருந்தது.

"மாமி, இது இந்தியாவில இருந்து கொண்டுவந்த வாளியெல்லோ. எனக்கு ஏன்?"

"பஸ் வருது. பிடியுங்கோ."

இரண்டு பேரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பஸ் பேசாலை தாண்டும்வரை எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. கொண்டக்டர் வந்து என்னைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், அன்று கறி என்னவென்று கேட்கவில்லை.

வீட்டில் அம்மா நூலை அவிழ்த்தார். திருக்கை வறை. அம்மா பேப்பரைத் தூக்கிப் பார்த்தார், என் பைகளைக் கிளறினார். "எங்க பிள்ளை மூடி?"

நான் போனை எடுத்தேன். மாமி முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மாமி, வாளி வந்தது. மூடி வரேல்ல."

"ஓம். மூடி இஞ்ச கிடக்கு. வந்து எடுங்கோ," என்றார் மாமி. பின்னால் மச்சாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "கேட்டிட்டாளோ, கேட்டிட்டாளோ," என்று அவர் கேட்பதும் கேட்டது.

நான் போனை வைத்தபோது அம்மா வாளியைக் கழுவித் துடைத்து, அதற்குள் உழுந்து அளந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"மூடியை எடுக்கப் போனா அவ வாளியை நிறைச்சுத்தானே விடுவா," என்றார் அம்மா. "பிறகு அதைக் குடுக்கத் திரும்பவும் போக வேணுமே."

"ஓம்," என்றேன்.